மாடி மாமாவின் முகம்

வேற்றுக்கிரகத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஏன் எப்போதும் இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலை என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். பதினொரு வருடம் அப்படி ஒருவனாக இருந்து தொலைத்தவன் நான். காரணம் ரொம்பச் சாதாரணம். உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு இரண்டு கைதான் இருக்கிறது. வித்தியாசத்தையெல்லாம் நெற்றியில் ஒட்டிவிடுவார்கள்.

என் நெற்றியில் மூன்று மடிப்பு. ஊதா நிற ரப்பர். புருவத்திலிருந்து உச்சந்தலை வரை ஒரே துண்டு. கன்னத்துக்கு இரண்டு, காதுக்கு இரண்டு, மூக்கிலிருந்து தாடை வரை ஒன்று. ஒட்டி முடிக்க இரண்டரை மணி நேரம், எண்ணெய் தடவி உரித்தெடுக்க ஒரு மணி நேரம். மேக்கப் அக்கா பூப்போலத்தான் உரிப்பார். இருந்தாலும் முதல் வருடமே என் புருவ முடி பசையோடு போக ஆரம்பித்துவிட்டது. நான்காவது வருடம் மொத்தமும் போய், அவித்த முட்டை மாதிரி ஆகிவிட்டேன்.

தொடரின் பெயர் 'மாடி மாமா'. ஒரு குடும்பத்தின் மாடி அறைக்கு வாடகைக்கு வருகிறார் வேற்றுக்கிரகத்துக்காரர். நம்மைப் போலவே சாப்பிடுவார், கோபித்துக்கொள்வார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவார். ஒரே ஒரு வித்தியாசம்: யாராவது பொய் சொன்னால் அவருக்குத் தும்மல் வரும். சாதாரணத் தும்மல் இல்லை. முதலில் தலை இடப்பக்கம் சாயும், பிறகு இரண்டு தோளும் காது வரை ஏறும், அப்புறம்தான் வெடிக்கும். நானே கண்டுபிடித்தது. ஸ்கிரிப்டில் 'தும்முகிறார்' என்று ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்தத் தும்மலை இன்று பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற பிள்ளைகள்கூடப் போட்டுக் காட்டும்.

ஆனால் அது நான் என்று யாருக்கும் தெரியக் கூடாது. ஒப்பந்தம் அப்படி. டைட்டிலில் 'மாடி மாமாவாக: மாடி மாமா' என்றுதான் வரும். நிஜமாகவே ஒருவர் வந்து இறங்கியிருக்கிறார் என்று பிள்ளைகள் நம்ப வேண்டுமாம். வேடத்தோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. என் மனைவியின் அண்ணன் ஒவ்வொரு முறை வரும்போதும், "மாப்ள, இப்போ எங்க வேலை?" என்று கேட்பார். டிவி கம்பெனி என்பேன். "ஓ, இன்னும் அங்கதானா" என்று உச்சுக்கொட்டுவார்.

மனைவியை விட்டால் என் மகளுக்கு மட்டும்தான் தெரியும். அவளிடம் எப்படி மறைப்பது? காதோரம் ஊதாப் பிசிறோடு வீட்டுக்கு வருகிற அப்பனை அவள் மூன்று வயதிலிருந்து பார்க்கிறாள். ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்வதற்கு முன்பே எனக்குப் புருவம் வரையக் கற்றுக்கொண்டவள். நான் வெளியே கிளம்பினால் பென்சிலோடு வந்து நிற்பாள்; நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைவாள்.

மூன்றாம் வகுப்பில் அடக்க முடியாமல் ஒருநாள் வகுப்பில் சொல்லிவிட்டாள், மாடி மாமா எங்கப்பாதான் என்று. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இவள் விடவில்லை. டீச்சர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நான் போகவில்லை. ஒப்பந்தத்தைச் சொல்லி வீட்டிலேயே பதுங்கிக்கொண்டேன். மனைவிதான் போய், "சின்னப் பிள்ளை, விளையாட்டுக்குச் சொல்லியிருக்கும்" என்று சமாளித்துவிட்டு வந்தாள். பிள்ளைகள் அன்றைக்கு வைத்த பெயர் மகளுக்கு ஒட்டிக்கொண்டது. புளுகுமூட்டை. இப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பெயரும் கூடவே ஒவ்வொரு வகுப்பாகப் பாஸாகிக்கொண்டு வருகிறது. அதற்குப் பிறகு அவள் என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆறு மாதத்துக்கு முன் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். தொடர் முடியப்போகிறது என்றார். "கடைசி எபிசோடுல மாடி மாமா மனுஷனா மாறிடறார்ணே. அந்த மடிப்பெல்லாம் உதிர்ந்து விழுது. முகம் தெரியுது. நாடே அழணும்."

"என் முகமா?" என்றேன்.

"வேற யாரு முகம்ணே?"

இதைத்தான் அவர் சொன்னார். என் காதால் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது அவள் குதிக்கவில்லை. "நிஜமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாளிலிருந்து வீட்டில் விளக்கெண்ணெய் வைத்தியம் ஆரம்பமானது. காலையும் மாலையும் என் நெற்றியில் தேய்ப்பது அவள் வேலை. மனைவி, "கரண்டியில புல்லு முளைச்சாலும் உங்களுக்கு முளைக்காது" என்று கேலி செய்தாள். ஆறு மாதத்தில் இடது பக்கம் பதினாலு முடி முளைத்தது. வலது பக்கம் ஒன்பது. மகள் எண்ணிச் சொன்னாள். எனக்கு அந்த நாட்களில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைசி எபிசோட் படப்பிடிப்பு ஒரு திங்கட்கிழமை. அந்த வெள்ளிக்கிழமையே ஒளிபரப்பு. மேக்கப் அறைக்குள் நுழைந்தால் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் ஒரு இளைஞன். சோப்பு விளம்பரத்தில் நுரையோடு சிரிப்பானே, அவன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவனுக்கு இருந்த புருவத்தை நாலு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம்.

மேக்கப் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பசைப் புட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "தம்பி, எனக்கும் இப்பதான் சொன்னாங்க" என்றார்.

இயக்குநரைத் தேடிப் போனேன். அவர் என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். தோளில் கை விழுந்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. மேல இருக்கறவங்க ஒரு சர்வே எடுத்தாங்க. ஆறு போட்டோ. தொடர் பாக்கறவங்க அம்பது பேர்கிட்ட காட்டி, இதுல மாடி மாமா யாரா இருக்கும்னு கேட்டாங்க. உங்க போட்டோவையும் வெச்சோம்ணே, நான்தான் சண்டை போட்டு வெக்கச் சொன்னேன்."

"எத்தனை பேர் என்னைச் சொன்னாங்க?"

"இவரா இருக்காதுன்னுட்டாங்கண்ணே."

"எத்தனை பேர்?"

"எல்லாரும்."

பதினொரு வருடம் அவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தக் கண் என்னுடையது. ரப்பருக்கு வெளியே இருந்தது அது ஒன்றுதான். ஐம்பது பேரில் ஒருவருக்குக்கூட அது அடையாளம் தெரியவில்லை.

"குரல்?" என்று கேட்டேன். குரல் மாறினால் குட்டு உடைந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

"மனுஷனா மாறும்போது தொண்டையும் மாறிடுது. சயின்ஸ்ணே" என்றார்.

மேஜையைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். அதைச் செய்கிற ஆள் நான் இல்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைக் கொடுத்தேன். அன்றைக்கு மட்டும் மடிப்புகளைத் தனித்தனித் துண்டாக ஒட்டி, அவை உதிரும் வரை என்னை எடுத்தார்கள். கடைசி மடிப்பு விழுகிற நேரத்தில் என்னை முதுகு காட்டச் சொன்னார்கள். திரும்பும்போது அவன்.

அதோடும் விட்டார்களா? அவனுக்கு அந்த நடை வரவில்லை. இடது தோளை முன்னால் விட்டு, பதில் சொல்வதற்கு முன் தலையைச் சாய்த்து, அதெல்லாம் ஒன்றும் வரவில்லை. "சார், நீங்க சொல்லிக் குடுத்தா கத்துக்கறேன்" என்று பணிவாகக் கேட்டான். திமிராகக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்க வைத்து, மதியச் சாப்பாடு வரை சொல்லிக்கொடுத்தேன்.

அன்று மாலை கதவைத் திறந்தவுடன் மகள் கேட்டாள். "அப்பா, முகம் வந்துச்சா?"

அவள் கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. "வெள்ளிக்கிழமை பாரு" என்றேன்.

அவள் என் மூக்கையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "தும்மல் வரல. அப்ப நிஜம்தான்."

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாள் இருந்தது. வேலை முடிந்து வீட்டில்தான் கிடந்தேன். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடலாம் என்று இருப்பேன். சாப்பாடு முடியும், கை கழுவுவேன், அவ்வளவுதான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு அழைப்பு மணி அடித்தது. பள்ளிச் சீருடையில் மூன்று பெண்கள். மகளின் வகுப்புத் தோழிகள். பின்னாலேயே என் மச்சான், கையில் ஒரு பை பழத்தோடு. எல்லோரையும் மகள்தான் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல், என்னை ஆச்சரியப்படுத்துவதற்காக. அறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். முளைத்த இருபத்து மூன்று முடியையும் விடாமல் அவற்றின் மேலேயே வரைந்தாள். "அசையாதேப்பா. இன்னிக்கு நல்லா வரணும்." அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கோழைத்தனத்துக்கு ஒரு அளவே இல்லை.

ஏழு மணிக்கு ஆரம்பித்தது. மகள் டிவியைப் பார்க்கவில்லை. தோழிகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மடிப்பு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழும்போது முதுகு தெரிந்தது, என் முதுகு. திரும்பியது அவன் முகம்.

ஒரு பெண், "ஐயோ, எவ்வளவு அழகா இருக்காரு!" என்றாள். இன்னொருத்தி, "பாவம்ல, இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பதினோரு வருஷம் அதுக்குள்ள கெடந்திருக்காரே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மச்சான்தான் வாயைத் திறந்தார். "அப்ப நீங்க அங்க என்னதான் வேலை பாத்தீங்க மாப்ள?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஒப்பந்தமாவது மண்ணாவது. எழுந்தேன். கூடத்தின் நடுவில் இடது தோளை முன்னால் விட்டு நடந்தேன். திரும்பினேன். தலையைச் சாய்த்து, மாடி மாமாவின் குரலில், "குழந்தைகளே, உங்கள் கிரகத்தில் உண்மைக்கு ஏன் இவ்வளவு சின்னக் குரல்?" என்றேன். முதல் எபிசோடில் நான் பேசிய முதல் வசனம். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அதை நான் பேசியதில்லை.

மூன்று பெண்களும் கைதட்டினார்கள். "அங்கிள், சூப்பர் மிமிக்ரி! அப்படியே அவரை மாதிரியே பண்றீங்க!"

"இல்லம்மா," என்றேன், "இது மிமிக்ரி இல்ல..."

"அவரே சொல்லிக்குடுத்தாரா அங்கிள்?"

கண்ணாடி போட்ட பெண் மகள் பக்கம் திரும்பினாள். கெட்ட பெண் இல்லை, வருத்தமாகத்தான் கேட்டாள். "ஏன்டி இப்படி? மூணாங்கிளாஸ்ல சொன்னது போதாதா? வீட்டுக்கு வேற கூப்பிட்டு..."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கூடத்தின் நடுவில், வரைந்த புருவத்தோடு, தோளை ஒரு பக்கம் சாய்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தில் வேர்வை வழிந்து பென்சில் கறுப்பு கன்னத்துக்கு இறங்கியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இன்னும் ஒரு வார்த்தை வந்தால் நான் அழுதுவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆமாடி," என்றாள் மகள். "பொய்தான் சொன்னேன். மூணாங்கிளாஸ்லயும் பொய்தான். எங்கப்பா மிமிக்ரி நல்லா பண்ணுவாரு. அதைக் காட்டத்தான் கூப்பிட்டேன்."

கண்ணாடிப் பெண்ணுக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? லூசு" என்று அவள் முதுகில் தட்டினாள். பிறகு என்னிடம், "அங்கிள், அங்கிள், அந்தத் தும்மல்! அதைப் பண்ணிக் காட்டுங்க!" என்றாள்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலை இடப்பக்கம் சாய்ந்தது. தோள் இரண்டும் காது வரை ஏறின. தும்மினேன். கூடமே அதிர்ந்தது. மச்சான்கூடச் சிரித்துவிட்டு, "இதை ஏன் மாப்ள இத்தனை நாளா மறைச்சு வெச்சிருந்தீங்க? கல்யாண வீட்ல போட்டா களை கட்டும்" என்றார்.

எட்டு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். மனைவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் கூடத்தில் கிடந்த டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கண்ணு, அப்பாவை..."

"உனக்கு எப்பப்பா தெரியும்?"

"திங்கக்கிழமை."

அவள் கடைசி டம்ளரையும் எடுத்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமைதாம்பா நான் அவங்களைக் கூப்பிட்டேன். நீ சொன்னதுக்கு அப்புறம்தான் கூப்பிட்டேன்" என்றாள். அடுக்கைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.