முக்தார் அகமதின் நஜர்

ஆம்பூர் முக்தார் அகமது எந்தக் குதிரையைப் பார்த்து வயிறெரிந்தாரோ அந்தக் குதிரை அடுத்த பந்தயத்தில் முதலாவதாக வந்தது. ஊரில் மற்றவர்களின் நஜர், அதாவது கண், பட்டால் பால் திரியும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், புது வண்டி முதல் வாரத்திலேயே பஞ்சராகும். முக்தார் அகமதின் நஜர் பட்ட இடம் மட்டும் விளங்கியது. பக்கத்து வீட்டு முருங்கையைப் பார்த்து ஒருநாள் பெருமூச்சு விட்டார். அந்த வருஷம் அது மூன்று தெருவுக்குக் காய் கொடுத்தது, பாரம் தாங்காமல் கிளை ஒடிந்தும் காய்ப்பை நிறுத்தவில்லை. அதனால் அவரை யாரும் பொல்லாத கண் என்று திட்டியதில்லை. புதிதாகச் செருப்புக் கடை திறக்கிறவர்கள் அவரைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கல்லாவுக்கு எதிரே உட்காரவைத்தார்கள். அவரும் போய் உட்கார்ந்து, இவனுக்கு வந்த வாழ்வைப் பார் என்று மனசுக்குள் புழுங்கிவிட்டு வருவார். புழுங்காமல் இருக்க அவரால் முடிந்ததே இல்லை. என்ன செய்வது, மனுஷருக்கு வாய்த்த வயிறு அப்படி.

அவருடைய தொழில் பந்தயக் குதிரைகளைப் பழக்குவது. ஊருக்கு வெளியே பாலாற்றின் இக்கரையில் அவருடைய லாயம், நேர் எதிரே அக்கரையில் கிருபானந்தத்தின் லாயம், நடுவில் தண்ணீர் இல்லாத ஆறு. அந்த மணல் குதிரைக் காலுக்குப் பதமானது என்றுதான் இருவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். காலையில் பஜ்ர் தொழுகை முடிந்ததும் இரண்டு கரையிலிருந்தும் குதிரைகள் இறங்கி ஓடும், வேலூர் ஜில்லா வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் குடிதண்ணீர் மலையடிவாரத்திலிருந்து டேங்கரில் வந்தது. தோல் பதனிடும் ஷாப்புகள் பக்கமிருந்து காற்று அடித்தால், வெளியூரிலிருந்து புதிதாக வந்த குதிரைகள் ஒரு வாரத்துக்குத் தீனி தொடாது. கோடை சீசன் தொடங்கிவிட்டால் ஆடி முடியும் வரை தூக்கம் கம்மி, பேச்சு கம்மி. பந்தயத்துக்கு முந்தின வாரம் குதிரையை லாரியில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுபோவார்கள்.

இருவருமே சின்ன வயதில் ஒரே லாயத்தில் லத்தி அள்ளி, ஒரே குதிரைமேல் ஏறி விழுந்து கற்றுக்கொண்டவர்கள். ஜாக்கி ஆகிற நேரத்தில் முக்தார் அகமது திடுதிப்பென்று வளர்ந்து கனத்துப்போனார். கிருபானந்தம் வளரவில்லை. அந்தச் சின்ன உடம்பைப் பார்த்து முக்தார் அகமது மாதக்கணக்கில் வெந்தார். அதிலிருந்து கிருபானந்தம் எவ்வளவு பிரியாணி சாப்பிட்டாலும் ஒரு கிலோ ஏறவில்லை. பேரன் எடுத்த பிறகும் பள்ளிக்கூடத்துப் பையன் அளவுச் சட்டைதான் அவருக்குச் சரியாக இருந்தது. ஜாக்கியாக இருந்து ஜெயித்தார், பிறகு ட்ரைனராகி ஜெயித்தார், பெரிய வீடு கட்டினார், அவர் மனைவி ஜெயபுஷ்பம் வேலூர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆனார். இத்தனையும் இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷரின் வயிற்றிலிருந்து போனது.

இதை முதலில் கண்டுபிடித்தது முக்தார் அகமதின் மனைவி ஜஹீருன்னிசா. நிக்காஹ் ஆன இரண்டாம் வருஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "இன்னாங்க, நீங்க அந்தப் பக்கம் பாக்காதீங்க. பாக்கப் பாக்க அவங்களுக்குத்தான் ஆவுது" என்றாள். அவரும் பார்க்காமல் இருக்க ஆனதெல்லாம் செய்தார். கறுப்புக் கண்ணாடி போட்டார். ஆற்றுப் பக்கம் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார். சுவருக்கு மேலே குளம்புச் சத்தம் வந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. கிருபானந்தத்துக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், அடுத்து ஓடப்போகிற குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு மணலைக் கடந்து இக்கரை வாசலுக்கே வந்துவிடுவார். "சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன் முக்தாரு. காலு எப்டி இருக்கு, சொல்லு" என்பார். முக்தார் அகமது பார்ப்பார். கால் நன்றாக இருக்கும். அந்தச் சனிக்கிழமையே அது ஜெயித்துவிட்டு வரும்.

தன் குதிரைகளைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்டால் என்ன என்று அவர் யோசிக்காமல் இல்லை. லாயத்துக்கு எதிரே நின்று, இது வேறு எவனோ ஒருவனுடையது என்று நினைத்து நினைத்துப் பார்த்தார். வயிற்றை ஏமாற்ற முடியவில்லை. ஒரு சீசனில், ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு, தன்னிடமிருந்த ஆண் குதிரை ஒன்றை அக்கரை லாயத்தில் விட்டுவைத்தார். அது கிருபானந்தம் கையில் தீனி தின்பதைப் பார்த்ததும் எரிந்தது பாருங்கள், அப்படி ஒரு எரிச்சல். குதிரை ஜெயித்தது. ஆனால் ட்ரைனர் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது கிருபானந்தத்தின் பெயரை. குதிரையின் சொந்தக்காரர் ரஷீத் அஹமது, ஷூ கம்பெனி முதலாளி, முக்தார் அகமதின் லாயத்தில் இருந்த குதிரைகள் எல்லாமே அவருடையவைதான். அவர் இதிலிருந்து யாரும் எடுக்கக்கூடிய முடிவை எடுத்தார்.

"முக்தார் பாய், பழக்கம் வேற, பிசினஸ் வேற. வர்ற சீசன்ல ஒண்ணாவது ஜெயிக்கட்டும். இல்லன்னா எல்லாத்தையும் கிருபானந்தம் சார்கிட்ட அனுப்பிடறேன். பேஜாராவாதீங்க" என்றார். ஒரு டப்பா பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டுப் போனார். தன் கையால் வளர்த்த குதிரைகள் ஒவ்வொன்றாக மணலைக் கடந்து அக்கரைக்குப் போவதையும், அங்கே போய் ஜெயிப்பதையும், அது தன் வயிற்றெரிச்சலால்தான் என்று தெரிந்துகொண்டே வீட்டில் உட்கார்ந்திருப்பதையும் முக்தார் அகமது நினைத்துப் பார்த்தார். சோறு இறங்கவில்லை.

அந்த சீசனுக்கு முன்னால் வந்தது குல்மொஹர் என்ற பெட்டைக் குதிரை. சிவப்பு நிறம், பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. தோல் ஷாப் நாற்றத்துக்கு மற்றவை ஒரு வாரம் பட்டினி கிடந்தால் இது இரண்டு வாரம் கிடந்தது. ஜஹீருன்னிசா அதுவரை லாயத்துக்குள் கால் வைத்ததில்லை. குதிரை என்றாலே நாலு அடி தள்ளி நிற்பாள். அன்று எதற்கோ கணவரைக் கூப்பிட வந்தவளின் துப்பட்டாவில் குல்மொஹர் மூக்கை நுழைத்தது. துப்பட்டாவில் ஏலக்காயும் அடுப்புப் புகையும் வாசம் அடித்திருக்க வேண்டும். அவள் பயத்தில் அசையாமல் நின்றாள். குதிரை முகர்ந்து முடித்துவிட்டுப் போய் ஓட்ஸ் தின்றது. அதிலிருந்து அவள் பக்கத்தில் இல்லாமல் அது வாய் வைக்கவில்லை. காலையிலும் சாயங்காலமும் அவள் வந்தாள், பிறகு கேட்காமலே வந்தாள், பிறகு சீப்பு எடுத்துப் பிடரியை வாரினாள், ஜான் என்று கூப்பிட்டாள். என் உயிரே என்று அர்த்தம். இருபத்தாறு வருஷத்தில் முக்தார் அகமதுக்குக் கிடைத்தது இன்னாங்க மட்டும்தான்.

ஒருநாள் சாயங்காலம் தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவர் சேணத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஜஹீருன்னிசா குதிரையிடம் பேசிக்கொண்டிருந்தாள். நர்ஸ் படிப்புக்கு வேலூரில் தனக்கு இடம் கிடைத்ததையும், அதே மாதம் நிக்காஹ் பேசிவிட்டதையும், அந்தக் கடிதாசை யாருக்கும் காட்டாமல் அடுப்பில் போட்டதையும் சொன்னாள். மெட்ராஸில் ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்ததைச் சொன்னாள். காலை நனைக்கலாம் என்று செருப்பைக் கழற்றினபோது, ரயிலுக்கு நேரமாச்சு என்று யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டதாகச் சொன்னாள். அந்த யாரோ தாம்தான் என்று முக்தார் அகமதுக்கு நினைவு வந்தது. ஒரு நாலுகால் ஜீவனுக்குத் தெரிந்தது இத்தனை வருஷம் கூட இருந்த தனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தார். கிருபானந்தத்தின் வீட்டையும் உடம்பையும் பார்த்து எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா என்று ஆகிவிட்டது. அன்றைக்கு அவருக்கு உடம்பு முழுக்க எரிந்தது.

மறுநாள் காலை குல்மொஹர் மணலில் ஓடியதைப் பார்த்து ஜாக்கி சுஹேல் அகமது ஸ்டாப்வாட்சை உதறிப் பார்த்தான். "பாய், இது ரிப்பேர்" என்றான். வேறு வாட்ச் கொண்டுவந்தார்கள், அதுவும் அதையே சொன்னது. முக்தார் அகமதுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் தொல்லையும் ஆரம்பித்தது. தன் நஜரை முதலில் கண்டுபிடித்தவளே ஜஹீருன்னிசாதானே, லாயம் கை விட்டுப் போகக் கூடாது என்று அவள் வேண்டுமென்றே நாடகம் ஆடுகிறாளோ என்று நினைத்தார். அப்படி நினைத்த நாளில் குதிரை சுணங்கியது. சாயங்காலம் அவள் ஜான், ஜான் என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வதைப் பார்ப்பார், மறுநாள் அது பறக்கும். சீசன் முழுவதும் இப்படியே போனது. ட்ரைனராகச் சந்தோஷப்படுவதா புருஷனாக வேகுவதா என்று தெரியாமல் மனுஷர் இளைத்துப்போனார். குல்மொஹர் இரண்டு பந்தயத்தில் நாலாவதாகவும் ஒன்றில் கடைசியாகவும் வந்தது. அந்த வாரங்களில் அவர், எல்லாம் தனக்காகத்தான் என்று மனைவியை நம்பியிருந்தார்.

சீசனின் கடைசி வாரம் மிச்சமிருந்தது. குதிரையை லாரியில் ஏற்றிவிட்டு, கிளம்புகிற நேரத்தில் அவரால் பொறுக்க முடியவில்லை. ஜஹீருன்னிசாவிடம் வந்து, "நெஜத்தச் சொல்லு ஜஹீரா. இதெல்லாம் எனக்காவா, அந்தப் பெட்டைக்காவா?" என்று கேட்டார்.

அவள் லாரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இப்ப சொல்லட்டுமா, ஜெயிச்சுட்டு வந்தப்புறம் சொல்லட்டுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

முக்தார் அகமது லாரியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வாணியம்பாடி தாண்டி, ஜோலார்பேட்டை ரோடு பிரிகிற இடமும் தாண்டி, கிருஷ்ணகிரி மேடு ஏறுகிற வரை அந்தக் கேள்வி அவரை அரித்தது. எனக்காக என்றால் அப்போதே சொல்லியிருக்க மாட்டாளா, சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம், என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பெங்களூரில் அந்தச் சனிக்கிழமை குல்மொஹர் ஜெயித்த விதத்தைப் பார்த்தவர்கள், மற்றக் குதிரைகள் வேறு ஏதோ பந்தயத்தில் ஓடியதாகச் சொன்னார்கள். இரண்டாவதாக வந்தது கிருபானந்தத்தின் குதிரை. முக்தார் அகமதின் பழைய எரிச்சலில் கிருபானந்தத்துக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ரஷீத் அஹமது முக்தார் அகமதைக் கட்டிப்பிடித்து, குதிரைகள் எங்கேயும் போகாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஜஹீருன்னிசா தட்டு வைத்துச் சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்து, கேட்காமலே சொன்னாள். "அத்தனையும் உங்களுக்காகத்தான். தகரத்துக்கு அந்தப் பக்கம் நீங்க இருமுறது எனக்குக் கேக்காதா? நேரா சொன்னா நீங்க எந்தக் காலத்துல உட்காந்து கேட்டிருக்கீங்க? அதான் குதிரைகிட்ட சொல்ற மாதிரி சொன்னேன். சொன்னது பூரா உங்ககிட்டதாங்க." சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. முக்தார் அகமது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நம்பறேன் என்றார். மனசாரத்தான் சொன்னார். அன்று நாலு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஜஹீருன்னிசா முதல் தடவையாக ஆற்றுக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். பந்தயம் ஓடி வந்த குதிரை, சும்மா நடத்திக் கூட்டி வா என்றுதான் சுஹேலிடம் முக்தார் அகமது சொல்லியிருந்தார். குல்மொஹர் மணலில் இறங்கி நாலு எட்டு நடந்தது. பிறகு அதை யாராலும் பிடிக்க முடியவில்லை. பெங்களூரில் ஓடினதைவிட வேகமாக, பாலத்தடியிலிருந்து மறு கோடி வரை ஓடியது. சுஹேல் கடிவாளத்தை விட்டுவிட்டுப் பிடரியைக் கட்டிக்கொண்டான். அக்கரையில் கிருபானந்தம் தன் குதிரைகளை நிறுத்திவைத்துவிட்டுப் பார்த்தார். ஜஹீருன்னிசாவுக்கு ஸ்டாப்வாட்ச் தேவைப்படவில்லை.

"நம்பறேன்னு சொன்னீங்க" என்றாள்.

"நம்பறேன் ஜஹீரா" என்றார் முக்தார் அகமது. குதிரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஓடி வருகிற குதிரைக்குப் பசிக்கும் என்று சொல்லிவிட்டு லாயத்துக்குப் போனாள். குல்மொஹர் அந்த வருஷம் குளிர்கால சீசனில் ஜெயித்தது, அடுத்த கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும் ஜெயித்தது. ரஷீத் அஹமது ஆற்றுப் பக்கத்துச் சுவரை இடித்து லாயத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். என்ன தீனி போடுகிறீர்கள் என்று ட்ரைனர்கள் கேட்டால் ஓட்ஸும் குதிரைமசால் தழையும் என்று முக்தார் அகமது பதில் சொல்வார். சாயங்காலம் ஜஹீருன்னிசா குதிரையிடம் போனதும் அவர் தகரத்துக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். அவள் இப்போதெல்லாம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறாள். அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.