அடுப்புச் சுவரோரத்து அத்தி

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. அவளுக்கும் தெரியும். "எழுதிக்கோ. ஆனா என்னை அழ வைக்காதே. நான் அழல" என்றாள்.

அக்கா பல் செட் செய்பவள். அத்தான் ரொட்டி சுடுபவர். விவாகரத்து ஆனபோது வீட்டையும் பிரித்துக்கொண்டார்கள். தெருப் பக்கத்துக் கடையும் மாடி அறையும் அவருக்கு. பின்பக்க வீடும் முற்றமும் அவளுக்கு. நடுவில் ஒரு சுவர். (விவாகரத்துக்குப் பிறகு அத்தானை எப்படிக் கூப்பிடுவது? வேறு சொல் அகப்படாததால் அத்தான் இன்னும் அத்தான்தான்.)

நான் முதலில் எழுதிய தொடக்கம்: "பனி மூடிய முற்றத்தில், கைவிடப்பட்ட பெண்ணைப் போல அந்த மரம்—"

அக்கா படித்தாள். "யாரு யாரைக் கைவிட்டா? அடிச்சுடு."

அடித்துவிட்டேன்.

2

எங்கள் ஊர்க் குளிர் அத்திக்கு ஆகாது. பிரிந்த பிறகு கன்று வாங்கப் போனபோதே நாற்றுப்பண்ணைக்காரர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

"சில வகை, குளவி உள்ளே போனாத்தாம்மா பழுக்கும். இல்லேன்னா பிஞ்சுலயே கொட்டிடும். இந்தக் குளிர்ல அந்தக் குளவி பிழைக்காது. குளவி வேண்டாத வகையா, சீக்கிரம் பழுக்கிறதா எடுங்க. இந்தப் பச்சைப்பழம் உறைபனியையும் தாங்கும்."

குளவி விஷயத்தில் அக்கா அவர் பேச்சைக் கேட்டாள். மற்றபடி அவள் கை போனது, தாமதமாகப் பழுக்கும் கறுப்புப் பழக் கன்றுக்கு.

"அது வெயில் ஊருக்கும்மா."

"எங்கிட்ட ஒரு சுவர் இருக்கு."

அந்தச் சுவர்தான், அத்தானின் விறகு அடுப்புக்கு முதுகு. அதையொட்டி மட்டும் பனி தங்காது. மரம் அதன்மேல் கிளைகளை விரித்து, கணப்புக்குக் கை நீட்டுபவரைப் போல வளர்ந்தது. ஊரெல்லாம் இலை உதிர்ந்து நிற்கும்போது அக்காவின் முற்றத்தில் பழம் வெடித்துத் தேன் சொட்டும். அத்தி இலை வாசமும் ரொட்டி வாசமும் ஒன்றாகக் கலந்து வரும். அங்கே கொஞ்ச நேரம் நின்றால் என்ன மாதம் என்பதே எனக்கு மறந்துவிடும். சில சமயம் என் வயதும்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அக்காவுக்கு அவர்மேல் இன்னும் பிரியம் என்று எழுதியிருந்தேன். எனக்குத் தெரியாத விஷயம். நீக்கிவிட்டேன்.]

இருவரும் பேசிக்கொள்வது எப்போதாவதுதான். ('அத்தி பூத்தாற்போல்' என்று எழுதக் கை துடிக்கிறது. அடக்கிக்கொள்கிறேன்.)

3

இலையுதிர் காலம் முடியப்போகும் ஒரு காலை, மிச்சப் பழங்களைப் பறிக்கப் போனவள் சுவரில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது.

காய்ச்சலில் கிடந்தபோதுகூட அத்தான் அடுப்பை மூட்டாமல் இருந்ததில்லை. அக்கா வீட்டுச் செருப்போடு தெருவைச் சுற்றி ஓடிப்போய்க் கடைக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பது மரியாதைக்கு, உடைக்கப் பார்த்தாள்.

அத்தான் திறந்தார். வாயில் ரொட்டி.

"என்னாச்சு?"

"உங்களுக்கு என்னாச்சு? சுவரு சில்லுன்னு கெடக்கு!"

"எந்தச் சுவரு?"

விறகுப் புகையில் அவருக்கு இருமல் கூடிவிட்டது. மின்சார அடுப்பு வாங்கி, தெருப் பக்கமாக வைத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அக்கா அங்கிருந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்து

(அ) அழுதாள்.
(ஆ) சிரித்தாள்.

அவளைக் கேட்டால், "மூச்சு வாங்கிச்சு. மரத்துக்காகத்தான் ஓடினேன்" என்கிறாள்.

"அப்புறம் ஏன் 'உங்களுக்கு என்னாச்சு'ன்னு கேட்ட?"

அக்கா கையிலிருந்த பல் செட்டை மும்முரமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

4

மரத்தைப் பற்றி அவள் சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

"என் அடுப்புச் சூட்டுலயா பழுத்துச்சு?"

"ஆமா."

"ஒரு பழம்கூடக் குடுக்கல!"

"நீங்க கேக்கலையே."

அன்று மதியம் அத்தான் வெற்று மாவுச் சாக்குகளும் சணலுமாக முற்றத்துக்கு வந்தார். பிரிந்த பிறகு அந்தப் பக்கம் அவர் காலே வைத்ததில்லை. அக்கா கிளைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அவர் வைக்கோலைத் திணித்துச் சாக்கைச் சுற்றினார்.

"இறுக்காதீங்க, கிளை ஒடியும்."

"மூட்டை கட்டுற கைக்கு நீ சொல்லிக்குடுக்கிறியா?"

வேரடியில் காய்ந்த இலைகளை மெத்தையாகப் பரப்பினார்கள். பிறகு, மிச்சமிருந்த பழங்களை நின்றபடியே தின்றார்கள். அவர் தோலோடு தின்றார்.

"அடுத்த வருஷம் பழுக்குமா?"

"தெரியல. இது இந்த ஊருக்கான வகை இல்ல."

"பின்னே ஏன் நட்டே?"

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்லவில்லை. அவளுக்காக நானே சில பதில்கள் எழுதிப் பார்த்தேன். எதுவும் அவள் குரலில் இல்லை.

5

இப்போது கடுங்குளிர். யாரோ போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல மரம் முற்றத்தில் நிற்கிறது. காற்று பலமாக அடித்த மறுநாள் அத்தான் வந்து சணலைச் சரிபார்க்கிறார். காற்றே இல்லாத நாளிலும் ஒருமுறை வந்தார்.

பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடுமாம்: உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் இல்லை. கதையை முடிக்க எனக்கு அது போதும். ஆனால் அக்கா, "வசந்தம் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். நான் அக்காவுக்குப் பயந்தவன்.

உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. முற்றத்துக் கதவு வெறுமனே சாத்தித்தான் இருக்கிறது. வேண்டுமானால் போய்ச் சுரண்டிப் பாருங்கள். பார்த்தபின் சாக்கை முன்போலவே இழுத்து மூடிவிடுங்கள். பச்சையா பழுப்பா என்று என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.