பரஸ்தானம் போன பை

குலசிங்கம் வீட்டு அழைப்பு மணியைப் பழனிசாமி ஆறாவது முறையாக அழுத்தினார். உள்ளே ஆள் இருக்கிற அடையாளமே இல்லை. காலை மணி ஏழே முக்கால். ஒன்பது மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். மகள் வைஷாலியின் பாஸ்போர்ட்டோ இந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். பள்ளியிலிருந்து பத்துப் பிள்ளைகள் கலாசாரப் பரிமாற்றம் என்று கொரியாவின் பூசானுக்குப் போகிறார்கள். இரண்டு வாரம் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். புறப்படும் நாள் பார்த்து வைஷாலிக்குச் சந்திராஷ்டமம். அந்த நாளில் நல்ல காரியத்துக்குப் படியிறங்கலாமா? வெஸ்ட்கேட் மாதிரி ஒரு வெளிநாட்டு ஊரில் இருந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதை எந்த வாயால் விளக்குவது? அதனால் பழனிசாமி பரஸ்தானம் வைத்தார். வியாழக்கிழமையே நல்ல நேரத்தில் மகளுடைய பையைப் பக்கத்துத் தெருவில் நண்பர் குலசிங்கத்தின் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம். வெறும் துணிமணி போனால் ஆள் போனதாகுமா என்று யோசித்து, பாஸ்போர்ட்டையும் பைக்குள் வைத்தார் அந்த அதிமேதாவி.

மருத்துவமனையில் வேலையில் இருந்த மனைவி சாந்தகுமாரி போனில் பிடித்துக்கொண்டாள்.

"துணி பத்தாதா? பாஸ்போர்ட்டுக்குமா நேரம் பாப்பாங்க?"

"இப்ப அதப் பேசி என்ன ஆகப்போவுது?" என்று எரிந்து விழுந்து போனை வைத்தார்.

குலசிங்கத்தின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தார். மணி போனதே தவிர யாரும் எடுக்கவில்லை. கதவுக்கும் காருக்குமாக நடந்தார். அந்த நடையின் நடுவே, பாஸ்போர்ட் கிடைக்காமலே போனால் பிள்ளை இன்றைக்கு நம் வீட்டில்தானே தூங்குவாள் என்று ஒரு நினைப்பு வந்தது. நெஞ்சுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. சீ, நானும் ஒரு அப்பனா என்று வெட்கினார்.

வைஷாலி காரின் கண்ணாடியை இறக்கினாள்.

"நான் போகலைன்னா உங்களுக்கு ஹாப்பிதானே, அப்பா?"

கார் ஜன்னலருகே குனிந்தார்.

"ஒரு நிமிஷம் அப்படித்தாம்மா தோணுச்சு. உன்ன விட்டுட்டு நாங்க ஒரு ராத்திரிகூட இருந்ததில்ல."

"மூணு வருஷமா கொரியன் படிக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

எட்டு மணிக்கு ஒருவழியாகக் குலசிங்கமே கூப்பிட்டார்.

"தம்பி, விடிய ஷிப்டுக்குக் கூப்பிட்டிட்டாங்கள். ஒனிஹங்கா பேக்கரியில நிக்கிறன். போன் லாக்கருக்குள்ள கிடந்தது. பை என்னட்டத்தான் இருக்கு."

"வேலைக்கா எடுத்துட்டுப் போனீங்க?"

"ஓம். பாஸ்போர்ட் இருக்கிற பையை ஆளில்லாத வீட்டில விட்டிட்டு வர மனம் வரேல்லை. ஒருக்கா சண்டை நேரம் ஊரில அப்பிடி விட்டிட்டு ஓடிவந்து பட்டது போதும். இஞ்சயிருந்து எயார்போர்ட் கிட்டத்தானே, நானே கொண்டுவந்து தாறன். நீங்கள் பிள்ளையோட நேர அங்க வாங்கோ."

வழியெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் பழனிசாமி பல்லைக் கடித்தார். ஒன்பதே காலுக்கு உள்ளே ஓடியபோது, மாவு படிந்த ஏப்ரனோடு குலசிங்கம் நின்றிருந்தார். ஆசிரியை தூரத்திலிருந்து கையசைத்து அவசரப்படுத்தினார். குலசிங்கம் பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைஷாலியின் கையில் கொடுத்தார்.

"கவனமா வச்சிரு, பிள்ளை."

"இங்க குடும்மா, எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டுத் தரேன்." பழனிசாமி கையை நீட்டினார்.

வைஷாலி பாஸ்போர்ட்டை ஜாக்கெட்டின் உள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"வேணாம்ப்பா. உங்க கையில குடுத்தா இன்னொரு நல்ல நேரம் பாப்பீங்க."

குலசிங்கம் சிரித்துவிட்டார். பழனிசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது உண்மை. நீட்டிய கையால் மகளின் தலையைத் தொட்டு, "போயிட்டு வா," என்றார்.