பச்சைப் படிகத்தில் நான்கு

எனக்கு வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டும். எக்ஸ்ரே அக்கா விஷயத்தில் மட்டும் அந்த வாய் அடைத்துப் போனதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் படிகங்களை எக்ஸ்ரேயில் வைத்து, அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளப்பவர் அவர். அதனால்தான் அந்தப் பெயர். மூன்று வருடமாக ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டோம். இருவருக்கும் ஒப்பந்த வேலை. நிரந்தர இடம் ஒன்றுதான் காலி. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாருடைய வேலை தேறுகிறதோ அவருக்கு என்று தலைவர் சொல்லிவிட்டார்.

நான் செய்தது ஒரு பச்சைப் படிகம். இரண்டு கோபால்ட், நடுவே பாலமாக இரண்டு ஆக்ஸிஜன், சுற்றிலும் அம்மோனியா. மொத்த மின்சுமை பிளஸ் ஐந்து. அம்மோனியாவுக்குச் சுமை கிடையாது. பாலத்துக்கு மைனஸ் இரண்டு போட்டேன். கோபால்ட் இரண்டுக்கும் சேர்த்து ஏழு வந்தது. அதாவது ஒன்று மூன்று, இன்னொன்று நான்கு. லேசில் கிடைக்காத நான்கு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் பாலம் மைனஸ் ஒன்றாகவும் இருக்கலாம். அப்படியானால் இரண்டுமே சாதாரண மூன்றுதான். ஆக்ஸிஜன்களுக்கு நடுவே உள்ள தூரம் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். படிகத்தை ஏற்கெனவே அக்காவிடம் கொடுத்திருந்தேன். புதன்கிழமை போய்க் கேட்டேன்.

"மெஷின் படுத்துடுச்சுடி. கூட்டத்துக்குள்ள எழுந்திரிக்காது. நீ பேசாம நாலுன்னே சொல்லு. எனக்கும் அப்படித்தான் தோணுது."

அக்காவே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன? கூட்டத்தில் திரை நிறைய 'நான்கு' என்று போட்டேன்.

அக்கா எழுந்தார். கையில் ஒரு தாள். "சின்ன விஷயம் சார். அந்தத் தூரம் ஒன்னு புள்ளி மூணு ஆங்ஸ்ட்ராம்தான் வருது. மைனஸ் ரெண்டா இருந்தா ஒன்னரைகிட்ட வந்திருக்கணும். கோபால்ட் ரெண்டுமே மூணுதான்."

தலைவர் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். அளவு சரி. அவசரப்பட்டது என் புத்தி, அதற்கு யாரையும் நோகவில்லை. ஆனால் தாளின் மேலே தேதி அச்சாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை. நான் போய்க் கேட்டதற்கு முந்தின நாள்.

அடிப்பாவி! கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அக்கா பக்கத்தில் வந்துவிட்டார். தாளைத் திரும்ப வாங்கும்போது அக்கா காதோடு சொன்னார்: "தப்பா எடுத்துக்காதடி. இடம் ஒன்னுதானே இருக்கு."

"இன்னும் ஒரு படம் பாக்கி இருக்குபோல, போடுங்கம்மா," என்றார் தலைவர்.

பொத்தானை அழுத்தினேன். முந்தின இரவு நானே ஆசையாக எழுதிய வரி திரையில் வந்தது: 'எக்ஸ்ரே அக்காவுக்கு நன்றி. அவர் இல்லாமல் இந்த முடிவு இல்லை.'

எல்லோரும் அக்காவைப் பார்த்துக் கை தட்டினார்கள்.