இரண்டு ஆள் வேலை

மூன்றாவது முறையும் பைக்கின் எஞ்சின் ஃபிரேமிலிருந்து நழுவிச் செங்கல் மேல் உட்கார்ந்தது. அவன் ஸ்பானரைச் சுவரில் விட்டெறிந்தான். வருஷா வருஷம் அவனும் மனைவியுமாகப் பிரித்துப் பூட்டிய வண்டி. அவள் இறந்து இரண்டு மாதமாகிறது. இந்த முறை தனியாகவே பூட்டிவிடுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தான்.

அவளுடைய தம்பி சத்தம் கேட்டு உள்ளே வந்தான்.

"மாமா, இது ரெண்டு ஆள் வேலை. நான் எஞ்சினைத் தூக்கிப் பிடிக்கிறேன்."

"உன்னை யாருடா கூப்பிட்டா? அது உங்கக்கா பிடிச்ச இடம். அங்க எவனும் கை வைக்கக் கூடாது!"

"சரி, வைக்கல. நீங்க பிடிங்க, நான் போல்ட்டைப் போடறேன். கத்திக்கிட்டே தூக்குங்க, வெயிட்டு தெரியாது."

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். மைத்துனன் நீளமான போல்ட்டைச் செருகி, எஞ்சினின் துளையைத் தேடினான். தூக்கிப் பிடித்திருந்தவனுக்கு இடுப்பு விண்ணென்று தெறித்தது, எஞ்சின் ஆடியது.

"ஆட்டாதீங்க மாமா!"

இதைத்தான் அவன் ஒவ்வொரு முறையும் அவளிடம் கத்துவான். ஆட்டாதே, ஒழுங்காகப் பிடி, சோறு தின்றாயா இல்லையா என்று வாய்க்கு வந்ததெல்லாம். அவளும் பதிலுக்குத் திட்டுவாளே தவிர, பிடியை விட்டதில்லை. இந்தக் கனத்தை அவன் ஒரு நாளும் தாங்கிப் பார்த்ததில்லை.

போல்ட் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"கையை எடுங்க மாமா, நின்னுடுச்சு."

"எடுக்க மாட்டேன்! எல்லா போல்ட்டையும் போட்டு முடுக்கு. அதுவரைக்கும் நான் பிடிச்சுக்கிட்டுதான் நிப்பேன்!"