வலது அம்பு

பொய்ப்பல் செய்கிறவளுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள், ஒரு நாள் அந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து மேல் வரிசை, கீழ் வரிசை என்று கட்டிக் கொடுக்கும் இடம் அது. மெருகு போடும் மிஷின் ஓடத் தொடங்கினால் அதன் கீச்சுச் சத்தம் ரேடியோவில் பாடுகிறவன் குரலைத் தின்றுவிடும். கிடாரைத் தின்றுவிடும். மிச்சம் நிற்பது ஒன்றே ஒன்றுதான், அடியில் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும் பேஸ் கிடார். கூடத்துப் பெண்கள் பல்லக்கா என்று கூப்பிடும் அவள், 'ஈரத்தீக்குச்சி' குழுவின் பாட்டுகளை அப்படித்தான் தெரிந்துகொண்டாள். வார்த்தைகள் அவளுக்கு ரொம்பப் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

அந்தக் குழுவில் நாலு பேர். பேஸ் வாசித்தவள் ஒரு பெண். படங்களில் ஓரமாக, பாதி இருட்டில், யாரோ கூப்பிட்டு அப்போதுதான் வந்து நின்றவளைப்போல் நிற்பாள். ரசிகர்கள் அவளுக்கு வைத்த பெயர் தூண். வைத்ததோடு சரி, அவளைப் பற்றி எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. பாடகன் தலைமுடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். பல்லக்காவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. நாத்தனாரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டு, தூணுக்கென்று ஒரு இணையப் பக்கம் கட்டினாள். எந்தப் பாட்டில் தூண் எங்கே ஒரு அடி தாமதிக்கிறாள், எங்கே வேண்டுமென்றே வாசிக்காமல் நிற்கிறாள் என்றெல்லாம் அதில் இருந்தது.

கட்டி முடித்தாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

"உங்க பக்கத்துக்கு வர்றவங்களைவிட நம்ம மாடிக்கு வர்ற பூனை அதிகம் அண்ணி," என்றாள் நாத்தனார்.

அப்போதுதான் அவளுக்கு வளையம் கண்ணில் பட்டது. ஈரத்தீக்குச்சியின் ரசிகர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு பக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பட்டை. பட்டையில் வளையத்தின் பெயர், இடதுபுறம் ஓர் அம்பு, வலதுபுறம் ஓர் அம்பு. வலது அம்பை அழுத்தினால் அடுத்தவர் பக்கம், அங்கே மறுபடி வலதை அழுத்தினால் அதற்கடுத்தவர் பக்கம். அழுத்திக்கொண்டே போனால் கிளம்பின வீட்டுக்கே வந்து நிற்கலாம். தேடினால் கிடைக்காத பக்கங்கள்கூட இப்படிக் கைகோத்து நின்றால் வருகிறவர்கள் வந்துகொண்டிருப்பார்கள்.

சேர்வதற்கு எழுதிக் கேட்டாள். வளையத்தைத் தொடங்கியவர் ஒரு காப்பீட்டு ஏஜென்ட். எல்லாருக்கும் அவர் வளையக்காரர். சேரும் முறையை எழுதியனுப்பினார். முதலில் எல்லாப் பக்கங்களையும் ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொருவரின் வருகைப் பதிவிலும் ஒரு வரி எழுத வேண்டும். பிறகு உங்கள் முகப்பின் அடியில் பட்டையை ஒட்ட வேண்டும். இடது அம்பு கடைசியாகச் சேர்ந்தவரைக் காட்டட்டும், வலது அம்பு என்னைக் காட்டட்டும். கடைசியாகச் சேர்ந்தவர் தன் வலது அம்பை உங்கள் பக்கம் திருப்பிவிடுவார். மற்ற வளையங்களில் நடத்துகிறவர் ஓரிடத்திலிருந்தே எல்லா அம்புகளையும் மாற்றுவார், இங்கே அவரவர் அம்பை அவரவர் கையால்தான் திருப்ப வேண்டும், அடுத்தவர் பக்கத்தை யாரும் தொட முடியாது, அதுதான் நம் பெருமை என்று முடித்திருந்தார். அந்தப் பெருமை பின்னால் தன்னையே பதம் பார்க்கும் என்று பாவம் அவருக்கு அன்று தெரியாது.

பல்லக்கா முதல் வேலையாக இடதையும் வலதையும் மாற்றி ஒட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்துப் பல் வரிசை அடுக்கிப் பழகிய கை. அவளுக்கு இடப்பக்கத்தில் இருந்தவர் ஒரு மரக்கடைக்காரர். அவர் பக்கத்திலிருந்து வலது அம்பில் இவளிடம் வந்தவர்கள் எல்லாரும், இங்கே வலதை அழுத்தியதும் திரும்ப மரக்கடைக்கே போய் விழுந்தார்கள். ரெண்டு நாள் பொறுத்துவிட்டு அவர் எழுதினார்: "அம்மா, நான் வழியனுப்பி வைக்கிறவங்களை எல்லாம் நீங்க திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. எதுவும் கோபமா?" வெட்கத்தில் அவள் காது சிவந்தது. சரிசெய்தாள். அதற்குப் பிறகு இருவரும் எழுதிக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் மட்டும் வந்தார்கள். தூணுக்கென்று வந்தார்கள், நின்று படித்தார்கள், பதிவில் எழுதிவிட்டுப் போனார்கள். நாத்தனாரின் பூனைக் கணக்கு செல்லுபடியாகாமல் போயிற்று.

பிறகு கம்பெனி வந்தது. தூணுக்கும் பாட்டுக் கம்பெனிக்கும் ஏதோ தகராறு, அவள் குழுவை விட்டு வெளியேறிவிட்டாள். பழைய பாட்டுகளையே புதிதாக வெளியிட்டார்கள். பல்லக்கா முதல் பாட்டின் முதல் நாலு அடி கேட்டாள். கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். அது தூணின் விரல் இல்லை. வேறு யாரையோ வைத்து அந்த வாசிப்பை மட்டும் மாற்றிப் பதிந்திருந்தார்கள். அட்டைப் படமும் பழைய படம்தான், ஆனால் மூன்று பேர் நின்றார்கள். ஓரத்தில் இருந்த பாதி இருட்டு முழு இருட்டாகியிருந்தது. ஒரு மனுஷியை இவ்வளவு சுத்தமாகத் துடைத்தெடுக்க முடியுமா?

வளையக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. கம்பெனி தன் அதிகாரபூர்வத் தளத்தில் இந்த வளையத்தைக் காட்டப் போகிறதாம். கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் அவரிடம் நேரில் பேசினாராம். எல்லாரும் புதுப் படத்தைப் போட வேண்டும், தூண் என்ற பெயர் எந்த முகப்பிலும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மற்றவர்கள் முகப்பில் அந்தப் பெயர் என்றைக்கும் இருந்ததில்லை, அவர்களுக்கு நஷ்டமில்லை. பல்லக்காவின் முகப்பில் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவளுக்குப் போன் செய்தார்.

"மேடம், பக்கத்தை மூடச் சொல்லல. அந்தப் பேரை மட்டும் எடுத்துடுங்க. 'பேஸ் கிடார் ரசிகர்கள்'னு வெச்சுக்கலாமே."

"ஆளை அனுப்பிட்டு கிடாரை மட்டும் மாட்டி வைக்கச் சொல்றீங்களா சார்?"

"அப்படி எடுத்துக்காதீங்க. இல்லேன்னா உங்களை வளையத்துல வெச்சிருக்க முடியாது."

"எடுக்க மாட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அதன் விளைவு அவளுக்குத் தெரியும். அவளை வெளியேற்ற வளையக்காரர் அவள் பக்கத்தைத் தொட வேண்டியதே இல்லை. மரக்கடைக்காரரிடம், உம் வலது அம்பை அவளைத் தாண்டி என் பக்கம் திருப்பும் என்றால் போதும். அவள் பக்கம் அப்படியே இருக்கும், யாரும் வர மாட்டார்கள். அந்தப் பாட்டுகளை வாசித்தது தூண்தான் என்று ஊரறிய நிற்கிற ஒரே இடம் அது. அதற்கு இருக்கிற ஒரே வாசல் ஒரு மரக்கடைக்காரரின் அம்பு.

நாத்தனார் சமாதானம் பேச வந்தாள். "ஒரு பேரு தானே அண்ணி. எடுத்துட்டா என்ன குறைஞ்சிடப் போவுது?"

"என் கையால கட்டின பல்லை வெச்சுக்கிட்டு இந்த ஊரே சிரிக்குது," என்றாள் பல்லக்கா. "டாக்டர் பேரு டப்பா மேல இருக்கு. என் பேரு எங்கயாவது இருக்கா? எனக்கு அது பழகிப்போச்சு பாப்பா. அவளுக்கும் அதையே பண்ண நானே கை கொடுக்கணுமா?"

மரக்கடைக்காரருக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேட்கலாமே என்று மட்டும் நாத்தனார் போகிற போக்கில் சொன்னாள். பல்லக்கா எழுதவில்லை. யாரிடமும் போய்க் கெஞ்சுவது அவள் பிறவியிலேயே கிடையாது. வேலை முடிந்து வந்ததும் மரக்கடைக்காரர் பக்கத்தைத் திறப்பாள், வலது அம்பை அழுத்துவாள், தன் பக்கம் வருகிறதா என்று பார்ப்பாள். வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் அவரிடமிருந்தே கடிதம் வந்தது. வளையக்காரர் ரெண்டு தடவை கேட்டாராம். "எங்க கடையில அறுப்பு மிஷின் ஓடும்மா. அதுல எனக்கும் அந்தப் பொண்ணு வாசிக்கிறது மட்டும்தான் கேக்கும். உங்க பக்கத்தைப் படிச்சப்புறம்தான் நான் கேட்டுக்கிட்டிருந்தது யாரைன்னே தெரிஞ்சுது. அம்பைத் திருப்ப முடியாதுன்னு சொல்லிட்டேன்." அதைப் படித்துவிட்டுப் பல்லக்கா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நாத்தனார் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள்.

வளையக்காரர் விடுவாரா? மரக்கடைக்காரரையும் சேர்த்து நீக்குவதாக அறிவித்தார். ஆனால் அதற்கு மரக்கடைக்கு இடப்பக்கம் இருந்த தபால்காரர் அல்லவா அம்பைத் திருப்ப வேண்டும்? தபால்காரருக்குக் கொள்கை, கோட்பாடு எதுவும் இல்லை. தன் பக்கத்துக்குள் போகும் கடவுச்சொல்லை மறந்து பல வருஷம் ஆகிறது, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது அதையே வீரமாக மாற்றிக்கொண்டு, திருப்ப முடியாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். அவரையும் நீக்கினார். அவருக்கும் இடப்பக்கம் ஒரு தையல்காரி. அவள் பக்கத்தின் ஊதா நிறம் கண்ணை உறுத்துகிறது என்று வளையக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். அவள் அதை மறக்கவில்லை, அம்பைத் திருப்ப மறுத்தாள். அவளும் போனாள். மிஞ்சியவர் ஒரு கணக்கு வாத்தியார், வளையத்தில் வளையக்காரருக்கு அடுத்த பக்கம் அவருடையது. நீக்கப்பட்டவர்கள் நாலு பேர், மிச்சம் நாம் ரெண்டு பேர், இதற்குப் பெயர் வளையம் இல்லை சார் என்று எழுதி அவரும் மறுத்தார்.

வளையக்காரர் ஆத்திரத்தில் அவரையும் நீக்கினார். இந்தத் தடவை திருப்ப வேண்டிய அம்பு அவருடையதே. திருப்பினார். எங்கே திருப்புவது? அவர் பக்கத்தில் வலது அம்பை அழுத்தினால் அவர் பக்கமே வந்தது. மறுபடி அழுத்தினால் மறுபடி அவரே. கம்பெனிக்குக் காட்ட அவரிடம் இப்போது ஒரே ஒரு ஆள் இருந்தார்.

மறுநாள் கணக்கு வாத்தியார் பல்லக்காவுக்கு எழுதினார். தன் இடது அம்பை வளையக்காரரிடமிருந்து எடுத்து அவள் பக்கம் திருப்பிவிட்டாராம். ஆனால் அவளுடைய வலது அம்பு இன்னமும் வளையக்காரரையே காட்டுகிறது, சுற்றி வருகிறவர்கள் அங்கே போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள், அதைத் தன் பக்கம் திருப்பினால் வளையம் கூடிவிடும், மற்றது உங்கள் கையில் என்றார்.

நாத்தனார் கைகொட்டிச் சிரித்தாள். பல்லக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதன்முதலில் அவள் வருகைப் பதிவில் வரி எழுதியவர் அந்த வளையக்காரர்தான். நல்ல பக்கம், இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று எழுதியிருந்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அவள் அதை ஒரு முறை படித்தாள். பிறகு நாலு பேர் நிற்கும் பழைய படத்தைப் பார்த்தாள். ஓரத்தில் தூண். அவளுக்கு இந்த மாதிரி யோசித்து, தயங்கி, பாவம் பார்த்தவர்கள் யார்?

வலது அம்பைத் திருப்பினாள். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். வாத்தியார், தையல்காரி, தபால்காரர், மரக்கடை, மறுபடி தூண். எங்கும் தடங்கல் இல்லை.

அதற்குள் வளையக்காரரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. தொடங்கியவனே வெளியே நிற்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டிருந்தார். பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, வந்த திட்டை அடக்கினாள். அவர் தனக்கு அன்று அனுப்பிய அதே கடிதத்தைத் தேடி எடுத்தாள். ஆட்களை மட்டும் மாற்றி, மற்றபடி அப்படியே எழுதினாள். எல்லாப் பக்கங்களையும் ஒரு சுற்று சுற்றவும். ஒவ்வொருவர் பதிவிலும் ஒரு வரி எழுதவும். முகப்பின் அடியில் பட்டையை ஒட்டவும். இடது அம்பு கடைசியாகச் சேர்ந்தவரைக் காட்டட்டும், அதாவது என்னை. வலது அம்பு வாத்தியாரைக் காட்டட்டும். செய்துவிட்டு எழுதினால் நான் என் அம்பை என் கையால் உங்கள் பக்கம் திருப்புகிறேன்.

கடைசியில் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். "முகப்பில் குழுவின் படம் இருக்க வேண்டும். படத்தில் நாலு பேர் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டு எழுதவும்."