டைட்

டிராக்டரின் ஸ்டியரிங்கை அழகன் பிடித்திருந்த விதத்திலேயே ஜீவராணிக்கு விளங்கிவிட்டது. ஆள் டைட். பட்டப்பகலிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான், பாவி.

இந்தத் தேயிலைத் தோட்டத்தில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பாதி வாழ்க்கையை ஓட்டிவிடலாம். சம்பளத்துக்கு முந்திய கிழமை எல்லாருக்கும் கை டைட். புதுத் துரை டைட். வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தினாலும் வீட்டுக்குத் திருப்பிவிடுவார். காளியாயியும் ஜீவராணியும் டைட், ஒரே டப்பாவில் சோறு தின்பவர்கள். அழகன் போதை தெளிந்து எழும்பாத காலைகளில், "அவருக்கு நெஞ்சு டைட்டா இருக்குதாமுங்க ஐயா" என்று ஜீவராணி அளந்த புளுகுக்கும் அதுதான் கைகொடுத்தது. குடித்தவனுக்குச் சொல்கிற டைட்டை மட்டும் அவள் வெளியில் ஒருநாளும் சொன்னதில்லை. கட்டின புருஷனாச்சே!

மேல்மலையில் கொழுந்து நிறுத்து முடிந்து, சாக்குகள் டிரெயிலரில் ஏறின. சாக்குகளின் மேல் பெண்கள் ஏறினார்கள். ஆள் ஏறக்கூடாது என்று ஆபிசில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் நாள் முழுக்கக் கூடை சுமந்த முதுகோடு லயத்து வீடுகள்வரை யார் நடப்பது? வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு முத்துலிங்கம் வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மழையும் பிடித்துக்கொண்டது. கீழே பாதை வளைகிற கோயில் முடக்கில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம்.

"ஏறு புள்ள, நனையுறியே," காளியாயி மேலிருந்து கையை நீட்டினாள்.

ஜீவராணி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தால் அழகன் வேலைக்குச் சங்குதான். திறக்காவிட்டால்? காளியாயி ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்காதடி என்று கத்த வேண்டும் போலிருந்தது.

அழகன் இஞ்சினைக் கிளப்பினான். அவள் ஓடிப்போய் டிராக்டருக்கு முன்னால் நின்றாள்.

"எல்லாரும் எறங்குங்க!"

"என்னாடி, பைத்தியமா ஒனக்கு?" அழகனுக்கு நாக்குக் குழறியது.

"கண்டாக்கையா, எம் புருஷன் டைட்டுங்க. வண்டிய எடுக்க விட்டுடாதீங்க."

அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காளியாயி அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு நடந்தாள். முத்துலிங்கம் ஆபிசுக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

இஞ்சினை நிறுத்த அழகன் தடவினான், சாவி அகப்படவில்லை. ஜீவராணி மிதிபடியில் ஏறி, அவன் விரல்களை விலக்கித் தானே இஞ்சினை நிறுத்தினாள்.

"போச்சுடி. எல்லாம் போச்சு," என்று அவன் தேம்பினான்.

மழை அவன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவன் தலையில் போட்டாள். அவன் தட்டிவிட்டான். அவள் கீழே இறங்கி, சேற்றிலிருந்து அதை எடுத்து உதறி, மறுபடியும் போட்டாள்.